நூலை நீக்கும் அதிகாரம் யாருடையது?

பல்கலைக்கழகத்தில் ஒரு நூல் பாடமாக வேண்டுமெனில், முதலில் ஓர் ஆசிரியர் அதை வாசித்திருக்க வேண்டும். பிறகு அது துறையில் விவாதிக்கப்பட்டு, பாடத்திட்டக் குழுவைக் கடந்து, கல்விப் பேரவையின் ஒப்புதலைப் பெற வேண்டும். அதே நூலை நீக்குவதற்கோ இந்தப் படிகள் எவையும் தேவைப்படுவதில்லை. நம் பல்கலைக்கழகங்களில் அதிகாரம் எங்கிருக்கிறது என்பதை அறிய இந்த ஒரு வேறுபாடே போதும்.

ஏ.கே. ராமானுஜனின் 'முந்நூறு ராமாயணங்கள்' வால்மீகியின் அகலிகையையும் கம்பனின் அகலிகையையும் அருகருகே வைத்து ஆராயும் கட்டுரை. தில்லிப் பல்கலைக்கழக வரலாற்றுப் பாடத்தில் அது இருந்த காரணத்துக்காக 2008இல் அத்துறை சூறையாடப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, நால்வர் கொண்ட வல்லுநர் குழு அமைந்தது. மூவர் கட்டுரைக்கு ஆதரவாக எழுதினர். ஒருவர் மட்டுமே மறுத்தார். 2011 அக்டோபரில் கூடிய கல்விப் பேரவை அந்த ஒருவரின் பக்கமே சாய்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களில் எதிர்ப்பைப் பதிவு செய்தவர்கள் ஒன்பது பேர்.

மும்பையில் 2010இல் ரோஹின்டன் மிஸ்திரியின் 'சச் எ லாங் ஜர்னி' நாவலை சிவசேனையின் மாணவர் அணி எரித்தது. துணைவேந்தர் தமது அவசரகால அதிகாரத்தைக் கொண்டு அதைப் பாடத்திலிருந்து நீக்கினார். ஒரு நாவலால் விளையக்கூடிய அவசரம் யாது?

நம் திருநெல்வேலியும் விலக்கல்ல. ஒரு நாடகாசிரியரின் பெயரைத் தாங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், 2017 முதல் முதுகலை மாணவர்கள் பயின்றுவந்த அருந்ததி ராயின் 'வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்' நூலை, ஏபிவிபியின் புகாரைத் தொடர்ந்து 2020 நவம்பரில் விலக்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தில்லி ஆங்கிலப் பாடத்திலிருந்து மகாசுவேதா தேவியின் 'திரௌபதி'யும், நம் பாமாவும் சுகிர்தராணியும் வெளியேற்றப்பட்டனர். முடிவெடுத்தது மேற்பார்வைக் குழு. அதில் உரிய துறையின் வல்லுநர்கள் இல்லை என்று கல்விப் பேரவையின் பதினைந்து உறுப்பினர்கள் எதிர்ப்புக் குறிப்பு அளித்தனர். பயனில்லை.

மாணவர், பெற்றோர், அரசு, வரி செலுத்துவோர் என அனைவருமே பல்கலைக்கழகத்தின் பங்குதாரர்கள், ஆசிரியர் மட்டும் எப்படி இறுதி அதிகாரி ஆவார் என்று கேட்கப்படுகிறது. நியாயமான கேள்விதான். ஒரு நூலைக் கண்டிக்கவும், அதற்கு மாற்றாக இன்னொன்றைப் பரிந்துரைக்கவும், ஏன் இதைக் கற்பிக்கிறீர்கள் என்று வினவவும் எவருக்கும் உரிமை உண்டு. ஆசிரியர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ஆனால் கேள்வி கேட்கும் உரிமை வேறு, தீர்ப்பளிக்கும் அதிகாரம் வேறு. வாசித்தவருக்கு ஆலோசனை சொல்லும் இடமும், வாசிக்காதவருக்கு முடிவெடுக்கும் இடமும் தருகிற ஓர் அமைப்பு தன்னைப் பல்கலைக்கழகம் என்று அழைத்துக்கொள்வது எப்படி?

இத்தனைக்கும் காரணம் வெளியிலிருந்து வரும் நெருக்கடி மட்டுமே என்று சொல்லித் தப்பிக்க நான் தயாரில்லை. கல்விப் பேரவையில் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பேராசிரியர்களே. 2011இல் அந்த அவையில் ஒன்பது பேர் மட்டும் மறுத்தார்கள் என்றால், மற்றவர்களின் மௌனத்தை எந்த மாணவர் அமைப்பும் பறித்துச் செல்லவில்லை, அவர்களே கொடுத்தார்கள். பதவி உயர்வும் குழுக்களில் இடமும் துணைவேந்தரின் கையில் இருக்கையில் மௌனம் லாபகரமானது. கருத்தரங்குகளில் கருத்துச் சுதந்திரத்தைப் பற்றிக் கட்டுரை வாசிப்பவர்கள், அதற்காகக் கையுயர்த்த வேண்டிய ஒரே அவையில் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கோருவது புரட்சி அல்ல. ஒரு நூல் எந்தப் படிகளின் வழியே உள்ளே வந்ததோ, அதே படிகளின் வழியே மட்டுமே வெளியேற வேண்டும். நீக்கக் கோருபவர் எந்தப் பக்கம், எந்த வாக்கியம், என்ன குறை என்று எழுதித் தர வேண்டும். பேரவையில் யார் ஆதரித்தார், யார் மறுத்தார் என்பது பெயருடன் வெளியிடப்பட வேண்டும். பாமாவை வகுப்பறையிலிருந்து வெளியே அனுப்பியவர்கள் யார் யார் என்று அவருடைய வாசகனாக அறிந்துகொள்ள எனக்கு உரிமையுண்டு.