ஊர் சொல்லாத வேலை

நிலம் யாருடையது, கூலி எவ்வளவு என்று நாம் பேசியிருக்கிறோம். பொழுது யாருடையது என்று பேசியதில்லை. அதுவும் சாதிக் கேள்விதான் தோழர்களே.

பழனியில் எங்கள் தெருப் பையன்களோடு காலையில் ஒரு காரியம் செய்து வருகிறேன். பழைய பைனாகுலரின் ஒரு கண்ணை அட்டையால் மூடி, மற்றதன் வழியாகச் சூரியனை வெள்ளைத்தாளில் விழவைக்கிறோம். (யாரும் கண்ணை வைத்துப் பார்க்கக் கூடாது, பார்வை போய்விடும்.) வட்டத்துக்குள் கரும்புள்ளி தெரிந்தால் பென்சிலால் குறிக்கிறோம். நாலு நாள் விடாமல் குறித்தால் புள்ளி நகர்வது தெரியும். சூரியன் சுழல்கிறது என்பதை வாத்தியார் சொல்லாமல் பையனே கண்டுபிடிக்கிறான்.

இதைப் பார்த்த தோழர் ஒருவர் கேட்டார்: "சேரியில குடிக்கத் தண்ணியில்ல. நீங்க சூரியனப் படம் போட்டுக்கிட்டு இருக்கீங்களே?"

நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். தண்ணீருக்காகக் குடத்தோடு மறியலில் உட்கார்ந்தவர்களில் இந்தப் பையன்களும் உண்டு, நானும் உண்டு. பிரச்சனை அதுவல்ல. காட்டுவேலை முடிந்த பிறகும் பறையடிக்க, சாவு சொல்ல, செத்த மாடு தூக்க என்று நம்ம சனங்களின் மிச்சப் பொழுதையும் ஊர் பிடுங்கிக்கொண்டது. நமக்குப் பிடித்ததை நாமே தேர்ந்து செய்யும் நேரம் நமக்கு இருந்ததேயில்லை. இன்று இயக்கமும் வந்து 'பயனில்லாததைச் செய்யாதே' என்று சொன்னால் அதற்குப் பெயர் என்ன?

எங்கள் ஊருக்குத் தெற்கே மலைமேல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1899-இல் தொடங்கியது. கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் அங்கே கண்டவர் ஜான் எவர்ஷெட். இங்கிலாந்தில் பிழைப்புக்காக அவர் பார்த்தது வேதிப் பரிசோதனை வேலை. வானத்தைப் பார்த்தது சொந்த ஆசை. அந்த ஆசைதான் அவரை இந்த மலைக்குக் கொண்டுவந்தது. வெள்ளைக்காரன் செய்தால் விஞ்ஞானம், நம்ம வீட்டுப் பிள்ளை செய்தால் வெட்டிவேலையா?

நமக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. சென்னையில் அறிவியல் பேராசிரியராக இருந்த லட்சுமி நரசு, அயோத்திதாசர் காலத்துப் பௌத்த இயக்கத்தில் நின்ற பகுத்தறிவாளர். பாடம் நடத்தத்தான் அவருக்குச் சம்பளம். 1907-இல் பௌத்தத்தின் சாரத்தை ஆங்கில நூலாக்கியதும், 1922-இல் சாதியை ஆராய்ந்து எழுதியதும் எந்தக் கல்லூரியும் கேட்ட வேலையல்ல. ஆவி, ஆன்மா, அற்புதம் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து, சோதனைக்கூடத்துக் கண்ணோடு புத்தரைப் படித்தார் அவர். அந்த முதல் நூலின் மூன்றாம் பதிப்புக்கு 1948-இல் முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். 1956-இல் நாகபுரியில் லட்சக்கணக்கானோர் பௌத்தம் தழுவியதற்குப் பின்னால், அறிவியல் வாத்தியார் ஒருவரின் மாலைப்பொழுதுகளும் இருக்கின்றன.

அம்பேத்கர் கடைசி ஆண்டுகளில் வயலின் கற்றார், ஓவியம் தீட்டிப் பார்த்தார். அதனால் எந்தச் சட்டமும் நிறைவேறவில்லைதான். அதற்காக வீண் என்று சொல்வோமா? நம் சிலைகளில் கோட்டும் புத்தகமும் இருக்கின்றன. வயலினை மட்டும் ஏன் மறந்தோம்?

அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1946-இல், ஆலை வேலைநேரத்தை வாரம் 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். மிச்சமான அந்த ஆறு மணி நேரம் எதற்கு? தூங்குவதற்கு மட்டுமா? மறுநாள் வேலைக்குத் தெம்பு சேர்க்க மட்டுமா?

நூல் மில்லில் ஷிப்டு முடிந்து வருகிற தங்கச்சி கவிதை எழுதட்டும். தோல் ஷாப்புத் தொழிலாளியின் மகன் ரேடியோவைப் பிரிச்சு மாட்டட்டும். கரட்டில் முளைக்கிற செடிகளுக்கெல்லாம் ஒருத்தர் பேர் எழுதி வைக்கட்டும். உடனே என்ன லாபம் என்று கேட்காதீர்கள். மாணவத் தோழர்களே, அடுத்த கூட்டத்துக்குக் கோரிக்கை எழுதும்போது கூலி, தண்ணீர், சுடுகாட்டுப் பாதை இவற்றோடு இதையும் சேருங்கள்: எங்கள் பொழுது எங்களுக்கு வேண்டும்.