ஐந்தில் வளையாதவர்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" தமிழ்ப்பள்ளியில் பழமொழிகளை மனனம் செய்த நாள் முதல் நம் காதில் ஒலிக்கும் கேள்வி இது. கேள்வி என்றாலும், 'வளையாது' என்ற ஒரே விடையைத்தான் நம் சமுதாயம் ஏற்றுக்கொள்கிறது. 17 வயதில் எஸ்.பி.எம்., அடுத்து எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன், பிறகு பட்டம். அதற்குள் எந்தத் துறை வாய்த்ததோ அதுவே ஆயுளுக்கும் துறை. நாற்பதை நெருங்கும் ஒருவர் நல்ல வேலையை விட்டுவிட்டு வேறு பாதையில் இறங்கினால், "ஏதோ பிரச்சினை போலிருக்கிறது" என்று கல்யாண வீடுகளில் கிசுகிசுக்கிறோம்.

இந்தப் பழமொழிக்கு ஒரு மறுப்பாக நான் நிறுத்த விரும்புபவர் ஜான் நியூட்டன். மதம், மொழி கடந்து உலகமே அறிந்த 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதிய ஆங்கிலேயப் போதகர் அவர். நான் இங்கே சமயம் பேச வரவில்லை. 38 வயதில் போதகரான ஒருவரின் வாழ்க்கை நமக்கு என்ன சொல்கிறது என்பதே என் அக்கறை.

கடலிலிருந்து தேவாலயத்திற்கு

1725-இல் இலண்டனில் பிறந்தார் நியூட்டன். தந்தை கப்பல் தலைவர். ஏழு வயது நிறையும் முன்பே தாயை இழந்தார். 11 வயதில் தந்தையோடு கடலுக்குப் போனார். பின்னர் கடற்படையினரால் கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்டு, தப்பியோட முயன்று, கசையடி பட்டார். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஓர் அடிமை வணிகரிடம் வேலைக்குச் சேர்ந்து, பட்டினியும் அவமானமும் அனுபவித்தார். 1748 மார்ச் மாதம், அட்லாண்டிக் கடலில் புயலில் சிக்கிய கப்பலில் இறைவனை நோக்கிக் கதறினார். அப்போது அவருக்கு வயது 22. நம்மில் பலரின் வயது!

புயல் வந்தது, மனம் மாறியது, பாடல் பிறந்தது என்று இக்கதையை மேடைகளில் சுருக்கிவிடுவார்கள். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் உண்மை அவ்வளவு இனிமையாக இல்லை. அந்தப் புயலுக்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்கே தலைவரானார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள். கப்பலில் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். அதே கப்பலின் கீழ்த்தளத்தில் மனிதர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். 1754-இல் அவர் கடலை விட்டதற்கும் மனச்சான்று காரணமன்று. திடீரென்று ஏற்பட்ட நோயே காரணம்.

அடுத்த ஆண்டு லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க அதிகாரியானார். கப்பல்களைச் சோதிக்கும் அரசாங்க வேலை. ஓய்வு நேரத்தில் கிரேக்கமும் எபிரேயமும் தாமாகவே கற்றார். பல்கலைக்கழக வாசலை மிதிக்காத அவர், 1758-இல் குருப்பட்டத்திற்கு விண்ணப்பித்தபோது மறுக்கப்பட்டார். மனம் தளராமல் காத்திருந்து 1764-இல் பட்டம் பெற்று, ஓல்னி என்ற சிற்றூருக்குப் போதகராகச் சென்றார். பின்னலாடை ஓரம் நெய்து பிழைத்த ஏழைகள் நிறைந்த ஊர் அது. அங்கே 1773 புத்தாண்டு வழிபாட்டிற்காக எழுதியதே அந்தப் புகழ்பெற்ற பாடல்.

வேலை மாறினால் போதுமா?

நம்மவர் எழுதியிருந்தால் இங்கே 'சுபம்' போட்டிருப்பார்கள். நான் போடமாட்டேன். ஏனெனில், பாடல் எழுதிய பின்னும் அடிமை வணிகத்தை எதிர்த்து அவர் எந்த நூலும் வெளியிடவில்லை. அப்படி ஒரு சிறு நூல் வெளிவந்தது 1788-இல்தான். கடைசிப் பயணம் முடிந்து 34 ஆண்டுகள், குருப்பட்டம் பெற்று 24 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவருக்கு வயது 62. இந்த ஒப்புதல் காலம் கடந்து வருகிறது என்பதை அந்நூலிலேயே அவர் மறைக்காமல் எழுதினார். கீழ்த்தளத்தில் மனிதர்கள் எப்படி நெருக்கி அடுக்கப்பட்டார்கள், எத்தனை பேர் வழியிலேயே மாண்டார்கள், அந்தத் தொழில் மாலுமிகளின் மனத்தை எப்படி மரத்துப்போகச் செய்தது என்று விவரித்தார். நாடாளுமன்றக் குழுவின் முன்பும் சாட்சி சொன்னார்.

அடிமை முறையை எதிர்த்துப் பேசிய அறிஞர்கள் அன்று இங்கிலாந்தில் பலர் இருந்தனர். ஆனால் "நான் அந்தக் கப்பலை ஓட்டியவன்" என்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? அந்தச் சொல்லுக்கு எடை கொடுத்தது அவருடைய அங்கியன்று. அவர் வெட்கப்பட்ட பழைய தொழிலே.

இன்னொரு செய்தியும் கவனத்திற்குரியது. 1785-இல் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் என்ற 26 வயது நாடாளுமன்ற உறுப்பினர் நியூட்டனைத் தேடி வந்தார். அரசியலை விட்டு விலகலாமா என்ற குழப்பம் அவருக்கு. நடுவயதில் தொழில் மாறிய போதகர் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? "நீ அங்கேயே இரு" என்ற பொருளில்தான் அறிவுரை சொன்னார். அந்த இளைஞர்தான் அடிமை வணிகத் தடைச் சட்டத்திற்காக நாடாளுமன்றத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் போராடியவர். சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. அதைக் கண்ட பிறகே, அதே ஆண்டு டிசம்பரில் 82 வயதில் நியூட்டன் கண்ணை மூடினார்.

நமக்கும் தொடர்புண்டு

இது எங்கோ நடந்த வெள்ளைக்காரன் கதை என்று ஒதுக்க வேண்டாம். பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையே ஒழிக்கப்பட்ட பின், தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கக் கண்ட வழிகளுள் ஒன்றுதான் ஒப்பந்தக் கூலிமுறை. நம் முன்னோர் பலர் மலாயாவின் கரும்புத் தோட்டங்களுக்கு அப்படித்தான் வந்தார்கள். கப்பலின் கீழ்த்தளம் நமக்கும் அந்நியமன்று.

தோழர்களே, இந்த வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. முதலாவது, நாற்பதில் பாதை மாறுகிறவரை ஏளனம் செய்யாதீர்கள். அவர் வெறுங்கையோடு வரவில்லை. பழைய தொழிலின் உள்ளறை தெரிந்தவராக வருகிறார். இரண்டாவது, பாதை மாறியதாலேயே ஒருவர் மாறிவிட்டார் என்று மாலை சூட்டவும் அவசரப்படாதீர்கள். தாம் கண்டதை, தமக்கே இழிவு தந்தாலும், உரக்கச் சொல்லும் நாளில்தான் அந்த மாற்றம் முழுமை பெறுகிறது.

நாளை நாம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அமரப்போகிறோம். அங்கே நாம் காணும் அநீதியைச் சொல்ல 62 வயது வரை காத்திருக்க வேண்டாம். காத்திருந்துவிட்டாலோ, அப்போதாவது சொல்வோம். வளைவதற்கு வயதில்லை; ஆனால் நாம் தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார்.