அருகு போதாதா?

இரண்டாமாண்டு, இளம் அறிவியல், தாவரவியல்

நகரங்களில் இன்று வீடு கட்டுவோர் பலருக்கும் ஓர் ஆசை பிறந்திருக்கிறது. வாசலில் இரண்டு தென்னை, ஒரு செம்பருத்தி, ஓரத்தில் துளசி என்றிருந்த காலம் போய், வீட்டின் முன்னே பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் புல்தரை வேண்டும் என்கிறார்கள். நாற்றுப் பண்ணைகளில் புல்லைப் பாய்போலச் சுருட்டியும், சதுரம் சதுரமாக வெட்டியும் விற்கிறார்கள். அந்தத் தொல்லையும் வேண்டாமென்று நெகிழியால் செய்த புல்லை வாங்கிவந்து தரையில் ஒட்டிக்கொள்வோரும் உண்டு. ஆசை தவறன்று. பசுமையைக் கண்டு மகிழாத கண் எது? ஆனால் எந்தப் புல், எந்த மண்ணில், யாருடைய தண்ணீரில் என்று கேளாமல் அந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்வது முறைதானா என்பதே என் கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுச் சமவெளியில், வெயில் நன்றாக விழும் இடத்தில், வீட்டுப் புல்தரைக்கு நம் அருகம்புல்லே போதும். அதையும் கையளவு இடத்தில் வைத்தால் போதும். பணம் கொடுத்து வாங்கினால்தான் புல், வரப்பிலிருந்து கொண்டுவந்தால் களை என்று எண்ணுகிறோமே, அந்த எண்ணத்தைத்தான் நான் மறுக்கிறேன்.

புல்தரை என்ற பழக்கம் நமக்கு ஆங்கிலேயரிடமிருந்து வந்தது. அவர்கள் நாட்டில் ஆண்டு முழுவதும் அவ்வப்போது தூறல், வெயிலோ மென்மையானது. அங்கே புல் தானே வளர்கிறது. மனிதன் அதை வெட்டினால் போதும். அதற்கும் முன்பு ஆட்டு மந்தையும் நீண்ட அரிவாளும்தான் கருவிகள். 1830ஆம் ஆண்டில் எட்வின் பட்டிங் என்பவர், துணி ஆலையில் கம்பளித் துணியின் பிசிறுகளைச் சீவும் இயந்திரத்தைப் பார்த்து, அதே முறையில் புல்வெட்டும் இயந்திரத்தை அமைத்தார். அதன் பின்னரே மாளிகைக்காரரின் புல்தரை நடுத்தர வீட்டு வாசலுக்கும் இறங்கி வந்தது. நம் உதகையில் 1848ஆம் ஆண்டு முதல் தாவரவியல் பூங்காவை மெக்ஐவர் உருவாக்கினார். அங்கே குளிரும் மழையும் இருந்தன. உதகையில் பார்த்து வியந்ததைத் திருச்சியிலும் வேலூரிலும் சித்திரை மாதத்தில் எதிர்பார்த்தால் எப்படி?

இனி அருகைப் பார்ப்போம். சைனோடான் டாக்டிலான் என்பது அதன் அறிவியற் பெயர். ஆய்வகத்தில் அதன் இலையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், நரம்பைச் சுற்றிப் பெரிய செல்கள் மாலை கட்டினாற்போல் நிற்பதைக் காணலாம். கரும்பிலும் மக்காச்சோளத்திலும் கம்பிலும் உள்ள அதே அமைப்பு. கடும் வெயிலிலும் கரியமில வாயுவை வீணாக்காமல் பிடித்து, குறைந்த நீரில் நிறைய உணவு செய்துகொள்ளும் இனம் இது. மண்ணின் மேலே ஓடுதண்டு, மண்ணுக்குள்ளே மட்டத்தண்டு என இருவழியிலும் பரவுகிறது. கணுவுக்குக் கணு வேர். வறண்டால் மேலே காய்ந்து சருகாகிறது. உள்ளே உயிரோடு கிடக்கிறது. ஒரு மழை பெய்தால் ஒரு வாரத்தில் மீண்டும் தலைகாட்டுகிறது. புல்லின் வளரும் பகுதி நுனியில் இல்லாமல் அடியில் இருப்பதால், மாடு மேய்ந்தாலும் நாம் வெட்டினாலும் அது சாவதில்லை. சற்று உப்புக் கலந்த கிணற்று நீரையும் தாங்குகிறது. இதற்குமேல் என்ன தகுதி வேண்டும்?

“அது களையல்லவா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆம், களைதான். நான் மறைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். எனக்கு முன்னிருந்தோர் எல்லாரும் இந்த அருகோடு மல்லுக்கட்டியவர்களே. மண்வெட்டியால் கொத்தி, அருகங்கட்டையைக் கையால் பொறுக்கி, வரப்பில் எறிந்து, காய்ந்தபின் கொளுத்துவார்கள். அப்படியும் ஒரு கணு தப்பினால் அடுத்த மழைக்கு அது குடும்பத்தோடு வந்து நிற்கும். என் தந்தையாரின் உள்ளங்கைக் காய்ப்பில் அருகுக்கும் பங்குண்டு. உலகின் மிகக் கொடிய களைகளைத் தொகுத்து 1977இல் வெளிவந்த ஒரு நூல் கோரைக்கு முதலிடமும் அருகுக்கு இரண்டாமிடமும் கொடுத்தது. இரண்டுமே எங்கள் நிலத்தில் உள்ளன என்று சொன்னபோது, “அதைக் கண்டுபிடிக்க ஒரு நூல் வேண்டுமா?” என்று அப்பா கேட்டார்!

ஆனால் எண்ணிப் பாருங்கள். வயலில் எந்தக் குணத்துக்காக அதை வெறுக்கிறோமோ, அதே குணத்தை வாசலில் விலை கொடுத்து வாங்க விரும்புகிறோம். மிதித்தால் சாகாத, வெட்டினால் தழைக்கிற, வறட்சிக்கு அஞ்சாத புல்தானே புல்தரைக்கு வேண்டும்? மணமக்களை அருகுபோல் வேரோடி வாழ்க என்று வாழ்த்துகிறோம். பிள்ளையாருக்கு அருகைச் சூட்டுகிறோம். வீட்டு முன் நடுவதற்கு மட்டும் அதற்குத் தகுதியில்லையா?

மேல்நாட்டார் இதை இழிவாக நினைக்கவில்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் என்னும் ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி அருகையும் அதன் ஆப்பிரிக்க உறவினமான வேறோர் இனத்தையும் இணைத்து, விளையாட்டு மைதானங்களுக்கான கலப்பின அருகை உருவாக்கினார். 1960இல் வெளிவந்த டிஃப்வே என்ற வகை பல நாடுகளின் மைதானங்களில் பரவியது. இங்கே ஒரு செய்தி சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே பர்ட்டன்தான் கம்பில் டிஃப்ட் 23ஏ என்னும் ஆண்மலட்டு வகையைக் கண்டவர். அதைத் தாயாகக் கொண்டுதான் 1965இல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பான எச்.பி.1 லூதியானாவில் உருவாயிற்று. பந்தாடும் புல்லையும் ஏழை உண்ணும் கம்பையும் ஒரே மனிதர் ஒரே அக்கறையோடு ஆராய்ந்திருக்கிறார். புல்லில் உயர்ந்த சாதி, தாழ்ந்த சாதி என்று அவர் பார்க்கவில்லை.

புல்தரை அமைக்கும் முறைக்கு வருகிறேன். நகரத்தில் வீடு கட்டிய என் பெரியம்மா மகன், “நீ தாவரவியல்தானே படிக்கிறாய் தம்பி, வந்து பார்” என்று அழைத்தார். நாற்றுப் பண்ணை ஒன்றில் கொரியன் புல் வாங்கி அரை சென்ட் பரப்பில் பதித்திருந்தார். நாள்தோறும் மாலையில் தண்ணீர் தெளிக்கிறார்; ஆனாலும் திட்டுத் திட்டாக மஞ்சள். ஓரிடத்தில் புல்லைத் தூக்கிப் பார்த்தேன். வேர் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. அதற்குக் கீழே என்ன இருந்தது தெரியுமா? உடைந்த செங்கல், காய்ந்த சிமெண்ட், ஓட்டுத் துண்டு. கட்டட வேலை முடிந்ததும் கழிவையெல்லாம் வாசலில் பரப்பி, மேலே ஒரு சாண் மண்கூடப் போடாமல் புல்லை விரித்துவிட்டார்கள். இந்தக் காட்சியைப் புதுவீடுகள் பலவற்றில் காணலாம். பணமெல்லாம் புல்லுக்கே போகிறது. மண்ணை யாரும் நினைப்பதில்லை.

மண்ணை ஓர் அடி ஆழம் கொத்திப் புரட்ட வேண்டும். கல்லையும் சிமெண்டையும் பொறுக்கி வெளியேற்ற வேண்டும். மக்கிய தொழுவுரம் தாராளமாகக் கலக்க வேண்டும். மக்காத சாணம் கூடாது, அதில் களை விதை ஏராளம். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்புறமாக நீர் வடியும்படி இலேசான சரிவு வேண்டும். இவ்வளவும் செய்தபின் அவசரப்பட்டு நடலாகாது. இரண்டு வாரம் நீர் தெளித்துச் சும்மா போடுங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் கோரையும் பிறவும் முளைக்கும். அவற்றைக் கிழங்கோடு எடுங்கள். கோரையை இலையோடு பிய்த்தால் அது சிரித்துக்கொண்டு மீண்டும் வரும். இந்தப் பொறுமைதான் பலருக்கு இல்லை. பிறகு அருகங்கட்டையை இரண்டு மூன்று கணுவுள்ள துண்டுகளாக நறுக்கி, அரைச்சாண் இடைவெளியில் ஊன்றி, மிதித்து இறுக்கி, நீர்விட வேண்டும். நறுக்கிய துண்டுகளைச் சாணக் குழம்பிலும் மண்ணிலும் பிசைந்து நிலத்தில் மெழுகினாற்போல் பரப்புவதும் உண்டு. புரட்டாசியில் தொடங்கினால் வேர் பிடிக்கும் வேளையில் வடகிழக்குப் பருவமழை வந்து நம் வேலையைத் தான் செய்துவிடும்.

அடுத்தது தண்ணீர். என் கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர்விட ஒரு லிட்டர் வேண்டும். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் விடுவதாக வைத்துக்கொண்டால் 200 லிட்டர் ஆகிறது. 2019இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் குடிநீர் என்று அளவு வகுத்திருக்கிறது. அப்படியானால் ஒரு சென்ட் புல், கிட்டத்தட்ட நான்கு மனிதரின் பங்கைக் குடிக்கிறது! 15 லிட்டர் குடத்தால் கணக்கிட்டால் பதின்மூன்று குடம். குழாயடியில் ஒரு குடத்துக்காக நின்றவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். அதே 2019இல் ஜூன் மாதத்தில் சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றதை நாம் மறந்துவிடலாகாது.

ஆகவே அருகுக்கு நாள்தோறும் நீர் தெளிப்பதை நான் எதிர்க்கிறேன். வேர்பிடிக்கும் முதல் சில வாரங்களில் மட்டும் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னர் வாரம் ஒரு முறையோ இரு முறையோ, ஆனால் ஆழமாக, அதிகாலையில் விட வேண்டும். நாளும் சிறிது நீர் பெற்ற வேர் மேலேயே சோம்பிக் கிடக்கும். அருமையாக நீர் பெற்ற வேர் அதைத் தேடி ஆழம் போகும். எப்போது விடுவது என்பதற்குப் புல்லே அடையாளம் காட்டுகிறது. நடந்து பாருங்கள். மிதித்த தடம் நிமிராமல் அப்படியே கிடந்தால் அதற்குத் தாகம். அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் வீணாகச் சாக்கடைக்குப் போகவேண்டாம். சித்திரை வைகாசியில் தண்ணீர் இல்லையா? விட்டுவிடுங்கள். புல் பழுப்பாகட்டும். அது சாகவில்லை, தூங்குகிறது. ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருக்கவேண்டும் என்பது ஆங்கிலப் புல்லின் விதி. நம் புல்லுக்கு நம் பருவங்களே விதி.

வெட்டுவதிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு தடவைக்கு இலை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. ஒன்றரை அங்குல உயரம் இருந்தால் போதும். மாதக் கணக்கில் வளரவிட்டு, பிறகு அடியோடு மொட்டை அடித்தால், அடித்தண்டு வெளுத்துத் தெரியும். தளர்ந்துபோன இடத்தில் களை குடியேறும். சிறிய இடத்துக்கு இயந்திரம் எதற்கு? கருக்கரிவாள் போதும். வெட்டிய துணுக்கைக் கொஞ்சமாக இருந்தால் அங்கேயே விட்டுவிடலாம். அதிலுள்ள சத்து மண்ணுக்கே திரும்பும். நிறைய இருந்தால் அக்கம்பக்கத்துப் பசுவுக்குக் கொடுங்கள். யூரியா போடுவோர் சதுர மீட்டருக்கு 10 கிராமுக்கு மேல் போகவேண்டாம். போட்ட உடனே நீர்விடாவிட்டால் இலை கருகும்.

அருகுக்குக் குறையே இல்லையா? உண்டு. நிழல் ஆகாது. வேம்பின் அடியிலும் மாமரத்தின் அடியிலும் அது மெலிந்து மறையும். அங்கே புல்லுக்காக மரத்தை வெட்டுவோரைக் கண்டால் எனக்கு வயிறெரிகிறது. மர நிழலைவிடப் புல் பெரிதா? அந்த இடத்தை வெறும் மண்ணாகப் பெருக்கி வைத்தால் கயிற்றுக் கட்டில் போட உதவும். கோலம் போடும் வாசலையும் புல்லுக்குக் கொடுக்க வேண்டாம் என்பது என் அம்மாவின் கட்சி. நானும் அந்தக் கட்சியே.

கொரியன் புல் மெத்தென்றிருக்கும், அருகு முரடு என்பார்கள். உண்மைதான். கொரியன் புல்லும் வெப்பம் தாங்கும் இனமே. அதை நான் பழிக்கவில்லை. ஆனால் அது மெல்ல வளர்வது. காயம் பட்ட இடம் மூட நெடுநாள் ஆகும். வெட்டாமல் விட்டால் மேடு மேடாகப் புடைக்கும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு அருகே பொருந்தும். நெகிழிப் புல்லைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. வெயிலில் கால் வைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் சூடு தெரியும். மண்ணுக்கு மழைநீரும் மண்புழுவுக்கு இலைச்சருகும் கிடைக்காமல் செய்யும் ஒன்றைப் புல் என்று அழைப்பதே எனக்குப் பிடிக்கவில்லை.

நம் கல்லூரி நூலகத்தின் முன்னே, கொடிக்கம்பத்துக்குக் கிழக்கே, அரை சென்ட் அளவுக்கு வெறும் நிலம் கிடக்கிறது. நல்ல வெயில் விழும் இடம். வரும் புரட்டாசியில் அதைத் தாவரவியல் மாணவர்களிடம் விடுமாறு பேராசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன். பாதியில் கொரியன் புல், பாதியில் அருகு. இரண்டுக்கும் ஒரே மண், ஒரே எரு. எந்தப் பாதிக்கு எத்தனை குடம் நீர் விட்டோம் என்று ஓராண்டு குறிப்பெழுதி அடுத்த மலரில் வெளியிடுவோம். ‘புல்லின் மேல் நடக்காதீர்’ என்ற பலகை மட்டும் வேண்டாம். இரண்டு பாதியிலும் எல்லாரும் நடக்கட்டும். கொரியன் புல்லுக்குத் துறை நிதியிலிருந்து பணம் கேட்க வேண்டியிருக்கும். அருகங்கட்டை எத்தனை சாக்கு வேண்டுமானாலும் எங்கள் வயலிலிருந்து வரும்; ஏற்றிச் செல்ல ஆள் கிடைத்தால் போதும் என்கிறார் அப்பா.