கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கு

பிசான அறுப்பு முடிஞ்சுது. ரெண்டு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க நேரமில்லை. இன்னைக்கு எழுதப் போறது பள்ளிக்கூடத்தைப் பத்தி. ஆனா தொடங்குறது நெல்லுலதான்.

கொள்முதலுக்கு நெல் போடணும்னா இப்போ முதல்ல ஆன்லைன்ல பதியணும். ஆதார், சிட்டா, அடங்கல், பேங்க் பாஸ்புக் எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்துப் பதிஞ்சாச்சு. நெல்லைக் களத்துல குவிச்சு வெச்சுட்டு மறுபடி போனா, அங்க உட்கார்ந்திருந்த தம்பி திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி, உங்களுக்கு 11 சென்ட்தான இருக்கு. இத்தனை மூட்டை எப்படி வந்துச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கையில இருந்த சிட்டாவுல 0.40.50 ஹெக்டேர்னு தெளிவா இருக்கு. அதாவது ஒரு ஏக்கர். திரையில 0.04.50. நாலும் சுழியும் இடம் மாறி உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான். சிட்டாவை நீட்டினேன். அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கு அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

அந்தத் தம்பி மேல எனக்குக் கோபம் இல்லை. மரியாதையான பையன். கம்ப்யூட்டர்லயே டிகிரி முடிச்சவன். எனக்கு வருத்தம் எதுலன்னா, அத்தனை வருஷம் படிச்சும் கம்ப்யூட்டரைப் பத்தின முதல் பாடம் அவனுக்குப் போய்ச் சேரலை. கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது. யாரோ ஒரு ஆள் உள்ள போட்டதைத்தான் அது வெளிய காட்டும். இதுதான் அந்த முதல் பாடம். அரிசி ஆலையில பதர் கொட்டினா பதர்தான் வரும். இது எங்க ஊர்ல எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குக்கூடத் தெரியும். அதே பாட்டி, திரையில ஏதோ எழுத்து ஓடினா கைகட்டி நிக்கா. அன்னைக்கு எனக்குப் பின்னால நின்ன ஒரு பெரியவர், பேர்ல எழுத்துப் பிழைன்னு சொன்னதும் "அப்போ சரிய்யா"ன்னு திரும்பிப் போயிட்டார். தன் பேரு தனக்குத் தெரியாதா அவருக்கு?

அன்னைக்குச் சாயங்காலம் திண்ணையில உட்கார்ந்து இதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை நோட்டும் கையுமா வந்து உட்கார்ந்தா. பதினொண்ணாம் வகுப்பு, கணினி அறிவியல் எடுத்திருக்கா. பரீட்சைக்குப் படிக்கா. பதிமூணை இரும எண்ணா மாத்துற கணக்கு.

"என்னட்டி பண்ணுத?"

"பதிமூணை ரெண்டால வகுத்துக்கிட்டே போகணும் பெரியப்பா. வர்ற மீதியைக் கீழயிருந்து மேல எழுதணும். 1101. அவ்ளோதான்."

"ஏன் கீழயிருந்து மேல எழுதணும்?"

"அது அப்படித்தான் பெரியப்பா. மிஸ் சொன்னாவ."

காலையில கேட்ட அதே 'அப்படித்தான்'. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. ரெண்டும் ஒரே வியாதின்னு தோணுச்சு.

உள்ள போய் பரண்ல கிடந்த பழைய அளவுப் பாத்திரங்களை எடுத்துட்டு வந்தேன். ஆழாக்கு, உழக்கு, உரி, படி. நகரத்துல இருக்கிற உங்களுக்காகச் சொல்றேன்: ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி. ஊருக்கு ஊர் படி கொஞ்சம் பெருசா சிறுசா இருக்கும், ஆனா இந்தக் கணக்கு மாறாது. ஆழாக்கை ஒண்ணுன்னு வெச்சா உழக்கு 2, உரி 4, படி 8.

"பதிமூணு ஆழாக்கு நெல்லு அளந்து போடுட்டி. ஒவ்வொரு பாத்திரத்தையும் ஒரு தடவைதான் எடுக்கலாம்."

கொஞ்சம் யோசிச்சா. படியில ஒண்ணு போட்டா, எட்டு போச்சு. மீதி அஞ்சு. உரியில ஒண்ணு. மீதி ஒண்ணு. உழக்கை எடுத்தா, கூடிப்போகும்னு கீழ வெச்சுட்டா. ஆழாக்குல ஒண்ணு. எடுத்த பாத்திரத்துக்கு 1, எடுக்காததுக்கு 0 எழுதச் சொன்னேன். படி 1, உரி 1, உழக்கு 0, ஆழாக்கு 1. நோட்டைப் பார்த்தா, பாத்திரங்களைப் பார்த்தா. அந்த முகத்தை நீங்க பார்த்திருக்கணும்.

அப்புறம் 'ஏன் கீழயிருந்து மேல' தானா விளங்கிட்டு. பதிமூணு ஆழாக்கை உழக்கா மாத்தினா ஆறு உழக்கு, ஒரு ஆழாக்கு மீதி. ஆறு உழக்கு மூணு உரி, மீதி இல்லை. மூணு உரி ஒரு படி, ஒரு உரி மீதி. முதல்ல வர்ற மீதி சின்னப் பாத்திரத்தோடது. சின்னது கடைசியில நிக்கணும். அதனாலதான் தலைகீழா எழுதுறோம். நாலு பாத்திரத்துல 0 முதல் 15 வரைக்கும் எந்த அளவையும் அளந்துடலாம். இப்படி எட்டு பாத்திரம் இருந்தா 255 வரைக்கும். அந்த எட்டுக்குத்தான் கம்ப்யூட்டர்ல பைட்னு பேரு.

"சரி பெரியப்பா, நமக்குத்தான் பத்து விரல் இருக்கே, பத்துலயே எண்ணலாம். கம்ப்யூட்டர் ஏன் ரெண்டை மட்டும் பிடிச்சுக்கிட்டு இருக்கு?"

நல்ல கேள்வி. இதுக்குப் பதில் கன்னடியன் கால்வாயில இருக்கு. எங்க மடை முழுசா திறந்திருந்தாலும் சண்டை இல்லை, முழுசா அடைச்சிருந்தாலும் சண்டை இல்லை. பாதி திறந்து வெச்சாத்தான் வம்பு. பாதியா, முக்காலான்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவான். கம்பிக்குள்ள போற கரண்டும் அப்படித்தான். கூடவும் குறையவும் ஆடிக்கிட்டே இருக்கும். பத்து விதமா அளந்து சொல்லச் சொன்னா மெஷின் தடுமாறும். இருக்கா, இல்லையான்னு மட்டும் கேட்டா தப்பே வராது. அதனால ரெண்டு.

அந்த ரெண்டை வெச்சுத்தான் அதுக்கு எல்லாமே. நாம 'அ'ன்னு எழுதினா யூனிகோடு கணக்குல அதுக்கு அது 2949ங்கிற எண். அதுக்கு 'அ'வும் தெரியாது, அம்மாவும் தெரியாது. என் 0.40.50-யும் அதுக்கு எண், 0.04.50-யும் எண். எது என் வயலுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? "சிட்டாவோட ஒப்பிட்டுப் பாரு, வித்தியாசம் இருந்தா நிறுத்து"ன்னு யாராவது ஒரு ஆள் எழுதி வெச்சாத்தான் அது பார்க்கும். அப்படி எழுதி வைக்கிறதுக்குப் பேருதான் புரோகிராம்.

அன்னைக்கு ராத்திரி லேசா தூறல் விழுந்து, ஆளுக்கொரு தார்ப்பாயைத் தூக்கிக்கிட்டு களத்துக்கு ஓடினோம். ஓடும்போதே அவகிட்ட சொன்னேன்: களத்துல கிடக்கிற நெல்லு நமக்குச் சொந்தமில்லை, பத்தாயத்துக்குப் போனாத்தான் சொந்தம். கம்ப்யூட்டர்லயும் களம் உண்டு, பத்தாயம் உண்டு. வேலை நடக்கிற இடம் களம், ரேம்னு சொல்றது. கரண்டு போனா அதுல கிடந்தது போச்சு. சேவ் பண்ணினாத்தான் பத்தாயம்.

இப்போ என் கருத்துக்கு வர்றேன். நம்ம அரசாங்கம் ஒண்ணும் செய்யலைன்னு சொல்ல மாட்டேன். 2011 செப்டம்பர் 15-ல தொடங்கின விலையில்லா மடிக்கணினித் திட்டத்துல எங்க தெருவுக்கே எத்தனையோ மடிக்கணினி வந்துச்சு. அதுல படிச்சு மேல வந்த பிள்ளைகளும் உண்டு, படம் பார்த்தே தேய்ச்சதும் உண்டு. உயர்தொழில்நுட்ப ஆய்வகம் பள்ளிக்கூடங்களுக்கு வந்திருக்கு. ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துலயே கணினி அறிமுகம் இருக்கு. பத்தாம் வகுப்பு அறிவியல்ல கடைசிப் பாடத்துல ஸ்கிராட்ச் வரைக்கும் இருக்கு. ஆனா அது கடைசிப் பாடம்! அறிவியல் வாத்தியார் இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாத்தையும் ஓட்டி முடிச்சு அங்க வர்றதுக்குள்ள வருஷம் முடிஞ்சுடும். அப்புறம் அது 'படிச்சுக்கோங்க' பாடம்தான்.

செங்கோட்டை தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் பாருங்க. கேரளாவுல 2001-லயே ஐடி அட் ஸ்கூல்னு தொடங்கி, மத்தப் பாடம் எடுக்கிற வாத்தியார்களுக்கே பயிற்சி கொடுத்து, கட்டற்ற மென்பொருளை வெச்சு அதைத் தனிப் பாடமாவே ஆக்கிட்டாங்க. 2017-ல அதுதான் கைட்னு ஒரு நிறுவனமா வளர்ந்துச்சு. மிஷினோட வாத்தியாரையும் சேர்த்துத் தயார் பண்ணினாங்க, அதுதான் சூட்சுமம்.

மிஷினே இல்லாமலும் சொல்லிக் கொடுக்கலாம். நியூசிலாந்துல கேன்டர்பரி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டிம் பெல்லும் அவர் கூட்டாளிகளும் 'கம்ப்யூட்டர் சயின்ஸ் அன்பிளக்டு'னு ஒண்ணு உருவாக்கினாங்க. புள்ளி போட்ட அட்டைகள், 1, 2, 4, 8, 16. அதைப் பிள்ளைகள் கையில கொடுத்து, தூக்கு, திருப்புன்னு விளையாட்டாவே இரும எண் சொல்லிக் கொடுத்தாங்க. இன்னைக்குப் பல நாடுகள்ல அது நடக்கு. அவங்க அட்டை வெட்டிச் செஞ்சதை நம்ம முன்னோர் உழக்கும் உரியுமா பரண்ல போட்டு வெச்சிருக்காங்க. உடனே 'கம்ப்யூட்டரைக் கண்டுபிடிச்சதே தமிழன்தான்'னு கிளம்பிடாதீங்க. நான் சொல்றது அது இல்லை. பிள்ளைக்குத் தெரிஞ்ச பொருள்ல இருந்து தெரியாததுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுதான் சொல்றேன்.

ஐடியில இருக்கிற சில நண்பர்கள், "இப்போ ஏஐ காலம், இரும எண்ணெல்லாம் எதுக்கு?"ன்னு கேப்பீங்க. ஏஐ வந்ததாலதான் இன்னும் அதிகமா வேணும். நேத்து வரைக்கும் 'கம்ப்யூட்டர்ல இருக்கு'ன்னாங்க, நாளைக்கு 'ஏஐ சொல்லிட்டு'ம்பாங்க. யார் போட்டது, எதை வெச்சு சொல்லுதுன்னு கேக்கத் தெரியாத பிள்ளைக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

இன்னொண்ணும் ஒத்துக்கிடுதேன். உழக்கையும் படியையும் மட்டும் காட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஏமாத்திடக் கூடாது. உங்க பிள்ளைக்கு வீட்டுலயே லேப்டாப் இருக்கு. எங்க பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஆய்வகம்தான். அதைப் பூட்டி வைக்காம, வாரத்துக்கு ரெண்டு பீரியடாவது அது கையால தட்டணும். கருத்தும் வேணும், கையும் பழகணும். எல்லாரும் சாஃப்ட்வேர் வேலைக்குப் போறதுக்காக இல்லை. வரிசையில நிக்கும்போது ஏமாறாம இருக்கிறதுக்கு.

கொடைக்கு ஊருக்கு வருவீங்கள்ல? வர்றப்போ சாமி கும்பிட்ட கையோட நீங்க படிச்ச பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரைப் பார்த்து, எப்போ வந்தா ஒரு மணி நேரம் கிடைக்கும்னு கேளுங்க. புரொஜெக்டர் வேண்டாம். நாலு பாத்திரமும் ஒரு மரக்கால் நெல்லும் போதும்.

என் நெல்லு என்னாச்சுன்னு கேக்குதீங்களா? ரெண்டு நாள் கழிச்சு மறுபடி போனேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் கூட வந்தா. தம்பி பழையபடி, "கம்ப்யூட்டர்ல..."னு ஆரம்பிச்சான். இவ குறுக்க கேட்டா, "அண்ணே, இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்துனது யாரு?"

அவன் ஒரு நிமிஷம் முழிச்சான். அப்புறம் முதல் தடவையா சிட்டாவைக் கையில வாங்கிப் பார்த்தான். திருத்துற அதிகாரம் அவனுக்கு இல்லை, ஆனா எங்க போய் யார்கிட்ட மனு கொடுக்கணும்னு எழுதிக் கொடுத்தான். மூணாம் நாள் திருத்தி வந்துச்சு. அதுக்குள்ள தூறல்ல நனைஞ்ச அடிநெல்லை மறுபடி பரப்பிக் காயப்போட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குக் கீழ இறங்குற வரைக்கும் காத்துக் கிடந்ததுல ஆள் கூலி நட்டம்.

நட்டம் போகட்டும். அந்த ஒரு கேள்வியைக் கேக்கத் தெரிஞ்ச பிள்ளை எங்க தெருவுல ஒண்ணு இருக்கு. வகுப்புக்கு நாப்பது பேர் இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.