ஊரை ஆக்குவோர் யார்?

தமிழர் இருவர் முதன்முறை சந்திக்குங்கால், பெயரைக் கேட்பதற்கு முன்னரே எழும் வினா, "எந்த ஊர்?" என்பதாம். ஊரைச் சொன்னால் ஆளைப் பாதி சொல்லியாயிற்று என்பது நம்மவர் எண்ணம். அங்ஙனமிருந்தும், ஊர் என்பது யாது, அதனை ஆக்குவோர் யாவர், காப்போர் யாவர் என்று நாம் நின்று சிந்திப்பது அரிது. இவ்வாண்டு செஞ்சிக்கோட்டையைக் கண்டு மீண்ட நாள்முதல் இவ்வினா நம்மை விட்டு அகன்றிலது. அதனை நம்முள் எழுப்பியது கோட்டைக் கல்லன்று, ஒரு விளையாட்டு என்றால் வாசகர் வியப்புறக்கூடும்.

நடந்தது இது. ராஜகிரியின் உச்சியில், படியேறிய இளைப்புத் தீர, நிழலில் அமர்ந்திருந்தோம். கீழே கலியாண மகாலும், நெற்களஞ்சியங்களும், குளங்களும், அவற்றிடையே முட்புதர் மண்டிய வெளியும் தோன்றின. உடன்வந்த மாணவர் ஒருவர் நெடுநேரம் அவ்வெளியையே நோக்கியிருந்து, "ஐயா, தேர்வுக்காக ஓராண்டு திறவாது விட்டிருந்த என் தீவும் இப்படித்தான் கிடந்தது" என்றார். தோழர் நகைத்தனர். அவர் குறித்தது 'அனிமல் கிராஸிங்' என்னும் வீடியோ விளையாட்டில் தாம் அமைத்த ஊரை என்பது பின்னர் விளங்கிற்று. விசாரித்து அறிந்தபின், அஃது நகைத்தற்குரிய சொல்லன்று எனத் தெளிந்தோம்.

அவ்விளையாட்டை அறியாதார்க்குச் சிறிது கூறுவோம். ஜப்பான் தேசத்து நிண்டெண்டோ நிறுவனத்தார், 'விலங்குகளின் காடு' எனப் பொருள்படும் பெயரால் 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இதனை முதலில் வெளியிட்டனர். இதனை வகுத்தோருள் தலையாயவர் கட்ஸுயா எகுச்சி என்பார். சீபாவில் வளர்ந்த இவர், தொழில் நிமித்தம் கியோட்டோவுக்குக் குடிபெயர்ந்தபோது சுற்றத்தாரையும் நண்பரையும் பிரிந்த தனிமையை உணர்ந்தார். அவர்கள் அருகிருந்ததன் அருமையை நினைந்த நினைவே இவ்விளையாட்டிற்கு வித்தாயிற்று எனக் கூறியிருக்கிறார். முதலாண்டில் பெட்டியுடன் விடுதிக்கு வந்து, முதலிரவு உறங்காது கிடந்த எவரும் இவ்வுணர்ச்சியை அறிவர்.

இதில் வெல்லவேண்டிய பகைவரும் இல்லை. எட்டவேண்டிய முடிவும் இல்லை. ஆடுவோர் ஓர் ஊரிற் குடியேறிக் கடனுக்கு வீடு பெறுகின்றனர். பழம் பறித்தும் மீன் பிடித்தும் கடனை அடைக்கின்றனர். பேசும் விலங்குகள் அயலவராய் வாழ்கின்றன. கருவியின் கடிகாரமே ஊரின் கடிகாரம். இங்கே நள்ளிரவாயின் அங்கும் நள்ளிரவு, கடை அடைத்திருக்கும். ஞாயிறு காலையில் வாங்கிய டர்னிப் கிழங்கை அவ்வாரத்துள் விற்றுவிடல் வேண்டும், தவறினால் அழுகிப்போம். மீனும் பூச்சியும் தொல்லுயிர்ப் படிவமும் காட்சிசாலைக்கு அளிப்பின், ஆந்தையார் ஒருவர் அவற்றின் வரலாற்றை எடுத்துரைத்து ஏற்றுக்கொள்வார். பலநாள் மறந்திருந்தாலோ, ஊரெங்கும் களை முளைக்கும். வீட்டினுள் கரப்பான் ஓடும். இத்தனை நாள் எங்கே போயிருந்தீர் என அயலார் வினவுவர். முந்திய பதிப்புக்களில், கவனியாது விட்ட அயலார் சிலர் ஊரைவிட்டே போய்விடுவதும் உண்டு.

இவையெல்லாம் நல்ல பாடங்களே. விரைவு ஒன்றையே கற்பிக்கும் யந்திரங்களினிடையே, பொறு, நாளை வா, பருவம் வரட்டும் என்று கூறும் யந்திரம் அரிதன்றோ? ஆதலின், இதனை வீண்பொழுது என ஒரே சொல்லால் ஒதுக்கும் பெரியோர் கட்சியில் நாம் சேரோம். எனினும், இவ்விளையாட்டின் ஊர் இருபது ஆண்டில் அடைந்த மாறுதல் ஒன்று நம் கருத்தைக் கவர்ந்தது. அதனை உரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

முதற்பதிப்பில் ஓர் ஊரில் நால்வர் வரை குடியிருக்கலாம். நால்வரும் ஒரே வேளையில் ஆடுவதில்லை. ஒருவர் ஆடி எழுந்தபின் மற்றொருவர் வருவர். முன்னவர் எழுதிய கடிதமும், விட்டுச்சென்ற பொருளும் பின்னவர்க்குக் கிட்டும். வேலையினின்று இரவில் தாமதமாக வீடு திரும்பிய எகுச்சி, தம் குடும்பத்தாருடன் சேர்ந்தாட இயலாக் குறையை இவ்வழியால் நிரப்பக் கருதினார் என்பர். ஆறும் மேடும் யந்திரம் வகுத்தபடியே அமையும். வந்தவர் அவற்றை மாற்ற இயலாது, வாழப் பழகவேண்டும். 2012-இல் வந்த பதிப்பில் ஆடுவோர் நகரத் தலைவராயினர். பாலம் கட்டவும், விளக்கு நாட்டவும், கடை திறக்கும் வேளையை முற்படுத்தவும் அதிகாரம் பெற்றனர். அவ்வூரில் உடனாடும் பிறர்க்கு அவ்வதிகாரம் இல்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் தேதி, உலகம் நோய்க்கு அஞ்சிக் கதவடைத்த நாட்களில், 'நியூ ஹொரைஸன்ஸ்' என்னும் பதிப்பு வந்தது. நம் நாட்டில் ஊரடங்கு தொடங்கியது அதன்பின் ஐந்தாம் நாள். நான்கு கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்ற அப்பதிப்பில், ஆற்றைத் திருப்பலாம். குன்றை எழுப்பலாம், இடிக்கலாம். அயலார் வீட்டையும் வேண்டுமிடத்திற்குப் பெயர்க்கலாம். ஒரு கருவிக்கு ஒரே தீவு. எண்மர் வரை குடியேறலாமாயினும், முதலில் வந்த ஒருவரே பிரதிநிதி. பெருங்காரியம் யாவும் அவர் விருப்பப்படியே நடைபெறும்.

கருவியின் ஆற்றல் வளர வளர, பலர் மாறிமாறி வாழ்ந்த ஊர் ஒருவரது நந்தவனமாய்ச் சுருங்கிற்று என்பது நம் அபிப்பிராயம். நந்தவனம் அழகியதே. ஆயின் ஊர் வேறு, நந்தவனம் வேறு.

ஒருவர் விருப்பால் எழும் ஊர் எய்தும் கதிக்குச் செஞ்சியினும் தக்க சான்று வேண்டுவதில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து அமைந்த இவ்விடம், நாயக்கர் காலத்தில் பெருநகராய் விளங்கிற்று. பாறையிடுக்கில் சுனைகண்டு, களஞ்சியம் எடுத்து, குளம் தொட்டு, மண்குழாய் வழியே நீர் கொணர்ந்த திறம் இன்றும் வியக்கத்தக்கது. 1597-இல் இதனைக் கண்ட பிமெண்டா என்னும் யேசு சபைப் பாதிரியார், லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துகலின் எந்நகரினும் இது பெரிது என்ற கருத்துப்பட எழுதிவைத்தார்.

பின்னர் ஆடுவோர் மாறினர். 1649-இல் பீஜப்பூராரும், 1677-இல் சிவாஜியும் இதனைக் கைக்கொண்டனர். சிவாஜியின் மைந்தர் ராஜாராம் இங்கே புகலடைய, மொகலாயர் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுப் பிடித்தனர். 1714-இல் தேசிங்கு போரில் மடிந்தான். 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் பெற்றனர். எத்தனையோ முற்றுகைக்கு ஈடுகொடுத்த அந்நகர், வென்றவர்க்கே இனி இது வேண்டாததாயிற்று என்ற நிலை வந்ததும் பாழ்பட்டது. பீரங்கி முடிக்காததைப் புறக்கணிப்பு முடித்தது. இங்கிருந்த கல்தூண்கள் சில பெயர்த்தெடுக்கப்பட்டுப் புதுச்சேரி சேர்ந்தன. அந்நகர்க் கடற்கரையில் காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து நிற்பன அவையே. செஞ்சியை அறியாதாரும் அவற்றினடியில் நின்று நிழற்படம் எடுத்துக்கொள்கின்றனர்.

கோட்டை பாழாயிற்றே யன்றிச் செஞ்சி பாழாகவில்லை. மதிலுக்கு வெளியே ஊர் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்மூட்டை குவிகிறது. திண்டிவனத்திற்கும் திருவண்ணாமலைக்கும் செல்வோர் இறங்கி ஏறுகின்றனர். அரசர் எவரும் வகுத்துத் தாராத ஊர் அது. உழுவோரும், விற்போரும், வண்டியோட்டுவோரும், பள்ளியில் கற்பிப்போரும் நாடோறும் செய்யும் சிறுசிறு காரியங்களால் நிற்பது.

பலர் கூடி ஊரை நடத்துவது நமக்குப் புதிதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள் முதற்பராந்தக சோழன் காலத்தன. 919, 921-ஆம் ஆண்டுகட்குரியன. ஊரை முப்பது குடும்பாகப் பகுத்து, குடவோலையால் உறுப்பினரைத் தெரிந்தெடுத்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என அமைத்த முறையை அவை உரைக்கின்றன. வாரியம் செய்து கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் குடத்துள் ஓலை இடப்பெறார் என்ற விதியை நாம் இன்றும் நினைந்து நாணலாம்.

ஆயினும் பழமையின் மீதுள்ள பற்றால் உண்மையை மறைத்தல் தகாது. அச்சபை நிலமும் மனையும் உடைய அந்தணர் சபை. ஏரிக்கரையில் மண்சுமந்தார்க்கும், நாற்று நட்ட பெண்டிர்க்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. நம் ஊர்களில் ஊர் என்றும் சேரி என்றும் கிழித்த கோடு இன்னும் முற்றும் அழிந்ததில்லை. இவ்வகையில் அவ்விளையாட்டூர் நம்மை வெட்கச்செய்கிறது. அங்கே கரடியும் எலியும் அடுத்தடுத்த வீட்டில் வாழும்; எவரும் எவரையும் எவர் வழிவந்தவர் எனக் கேட்பதில்லை.

ஆனால் அச்சமத்துவம் எளிதில் வந்தது என்பதையும் கருதுக. அங்கே பரம்பரை நிலம் இல்லை. ஏரியும் மதகும் இல்லை. ஆதலின் கடைமடைக்கு நீர் வரவில்லை என்னும் வழக்கும் இல்லை. மேலும், பிடிக்காத அயலாரை எப்படியேனும் போக்கிவிட்டு, விரும்பிய முகத்தாரை வருவித்துக்கொள்ளும் வழக்கம் ஆடுவோரிடையே உண்டென அறிகிறோம். இங்கேதான் விளையாட்டூர் ஊராகாமல் நிற்கிறது. அயலார் என்போர் நாம் தெரிந்தெடாதவர். நம் கொள்கைக்கும் சுவைக்கும் மாறானவர். அவரோடு ஒரே நீரைப் பங்கிட்டு, ஒரே தெருவைப் பெருக்கி, பூசலிட்டுப் பின் இணங்கி வாழ்தலே ஊர்வாழ்வு. அவரை அகற்றிவிட்டு வாழ்வோமாயின், நம் முன்னோர் சேரியை அகற்றி வாழ்ந்த பிழையையே வேறுருவில் செய்தோராவோம்.

விளையாட்டை விளையாட்டாகவே விடலாகாதா, இத்துணை ஆராய்ச்சி எதற்கு என மாணவர் சிலர் கேட்கலாம். விடுக, ஆடுக. நாம் வேண்டுவது ஒன்றே. களை முளைத்ததைக் கண்டு வருந்தக் கற்ற கண் உமக்கு வந்துவிட்டது. அக்கண்ணைக் கருவியோடு மூடிவைத்துவிடாதீர். விடுமுறைக்கு உம் ஊர் செல்லுங்கால், ஏரியின் வரத்துக்கால் தூர்ந்துள்ளதா எனக் காண்க. நூல்நிலையம் திறந்துள்ளதா எனக் காண்க. 1992-ஆம் ஆண்டின் 73-ஆம் அரசியற்சட்டத் திருத்தம், உத்திரமேரூர்க் குடத்தில் இல்லாத ஓலைகளைப் பெண்டிர்க்கும், பட்டியல் சாதியார்க்கும், பழங்குடியினர்க்கும் இட்டுத் தந்தது. குடியரசு நாள், மே முதல் நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் ஆகிய நாட்களில் சிற்றூர்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே சென்று அமர்க. கணக்கைக் கேட்க. பிடிக்காத அயலார் பேசுவதையும் முடியும்வரை கேட்க.

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம், மராட்டியரின் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாகச் செஞ்சியும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மகிழத்தக்க செய்தியே. உலகத்தார் வந்து மதிலையும் மகாலையும் காண்பர். அவர்கள் மலையினின்று இறங்கி வருங்கால், மதிலுக்கு வெளியே உயிரோடு நிற்கும் ஊரையும் காணல் வேண்டும். அவ்வூர் எத்தகையதாய் இருக்கும் என்பதைத் தீர்மானிப்போர் அரசருமல்லர், ஏதோ ஒரு பிரதிநிதியுமல்லர்.

அன்று மலையிலிருந்து இறங்குங்கால், அம்மாணவரை நோக்கி, களை மண்டிய உம் தீவை என்செய்தீர் என வினவினோம். "ஒரு கிழமை முழுதும் களை பறித்தேன், ஐயா, பறித்து முடிந்ததும் அயலார் வந்து நன்றி சொன்னார்கள்" என்றார். நம் ஊரில் நன்றி அத்துணை எளிதில் வாராது. வாராவிடினும் களை பறித்தே ஆகவேண்டும்.