குட்டியை மீட்டோம், புழுவை மறந்தோம்

தாயை இழந்த ஒராங்குட்டான் குட்டியொன்று பராமரிப்பாளரின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பத்திரிகை அலுவலகத்தில் காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படத்திற்கு முதற்பக்கத்தில் எப்போதும் இடமுண்டு. அதே குட்டியின் மலப் பரிசோதனை அறிக்கைக்கு உட்பக்கத்திலும் இடமில்லை. ஆனால் அக்குட்டி காடு திரும்பலாமா என்று தீர்மானிக்கையில் படம் உதவாது, அறிக்கைதான் உதவும்.

போர்ணியோ, சுமாத்திரா, தபானுலி என்ற மூன்று ஒராங்குட்டான் இனங்களும் இன்று அழிவின் விளிம்பில் நிற்கின்றன. 2017 இல் தனியினமாக அறிவிக்கப்பட்ட தபானுலி ஒராங்குட்டான்கள் 800 இலும் குறைவே. ஒரு தாய் ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே குட்டி ஈனுகிறது. ஒரு குட்டியின் இழப்பு எளிதில் ஈடாகாது.

காட்டு ஒராங்குட்டான்களுக்கும் குடற்புழுக்கள் உண்டு. எனினும் அவை பெரும்பாலும் தனித்து, மரத்தின்மேல் வாழ்பவை. நாளாந்தம் வேறு கூட்டில் உறங்குபவை. எச்சம் கீழே விழுகிறது, விலங்கு மேலே நகர்ந்துவிடுகிறது. புனர்வாழ்வு நிலையத்தில் நிலைமை தலைகீழ். அங்கே பல குட்டிகள் ஒரே தரையில் ஒன்றாக வளர்கின்றன. ஸ்ட்ரொஞ்சிலோயிடீஸ் என்னும் நுண்புழுவிற்கு இதனிலும் வசதியான இடம் கிடையாது. ஈரமண்ணில் உள்ள அதன் குடம்பிகள் தோலைத் துளைத்து உட்புகுந்து, குருதி வழியே நுரையீரலை அடைந்து, பின்னர் குடலில் தங்குகின்றன. பெண்புழு ஆணின்றியே பெருகும். இளங்குட்டிகளில் இத்தொற்று உயிரையும் பறிக்கிறது. ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. மருந்து கொடுத்த குட்டியை மீண்டும் அதே சேற்றில் விட்டால் என்ன பயன்?

இதைவிடப் பெரிய ஆபத்து, நிலையத்தில் பெற்ற தொற்று காட்டுக் கூட்டத்திற்குப் பரவுவதுதான். மரபணுவில் ஏறத்தாழ 97 வீதம் நம்மை ஒத்த விலங்கு அது. நம் கிருமிகளும் அதற்கு ஒட்டும். சுமாத்திராவின் புக்கிட் லாவாங்கில் 1973 இல் தொடங்கிய நிலையம், காட்டு ஒராங்குட்டான்கள் வாழ்ந்த வனத்திலேயே மீட்கப்பட்டவற்றையும் விட்டது. 1995 இல் இந்தோனேசிய அரசு வேறு விதி வகுத்தது: காட்டு ஒராங்குட்டான்கள் இல்லாத வனத்திலேயே அவற்றை விடவேண்டும். புக்கிட் திகாபுலு வனத்தில் 2003 முதல் அவ்வாறே விடப்பட்டன. தாமதமாக வந்தாலும் நல்ல விதி. ஆனால் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் காட்டை விழுங்க விழுங்க, அத்தகைய வெற்றுக் காடுகளும் அருகிவருகின்றன.

கூண்டிலேயே ஆண்டுக்கணக்கில் அடைத்துவைப்பதை விடச் சோதனையைக் குறைத்து விரைவாக விடலாமே என்பார்கள். இரக்கமான வாதம்தான், நானும் சற்றுத் தடுமாறியதுண்டு. ஆனால் அதன் விலையைக் கொடுக்கப்போவது, ஒருபோதும் கூண்டைக் காணாத காட்டு விலங்கு. கொடையாளர்களின் பணம் குட்டியைத் தத்தெடுக்கும் திட்டங்களுக்கு மட்டுமன்றி, தனிமைப்படுத்தும் கூடங்களுக்கும், நுணுக்குக்காட்டிகளுக்கும், அவற்றின்முன் உட்காரும் மிருக வைத்தியர்களின் சம்பளத்திற்கும் செல்லவேண்டும்.

உல்லாசப் பயணிகளையும் சொல்லாமல் விடமுடியாது. புக்கிட் லாவாங் பாதைகளில், படம் எடுப்பதற்காக வாழைப்பழத்தைக் காட்டி ஒராங்குட்டானை மரத்திலிருந்து இறக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பழத்தை நீட்டும் கையைக் கழுவினார்களா என்று எவரும் கேட்பதில்லை. விலங்கு இறங்கி நிற்கும் மண்ணைப் பற்றியும் கேட்பதில்லை.