மாம்பழத்துக்குப் போட்ட தடை மனிதனுக்கும் வருமா?

2025-ம் ஆண்டு ஜூன் மாதம் சித்தூர் மாவட்ட நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது. தோதாபுரி எனப்படும் கிளிமூக்கு மாம்பழம் வெளி மாநிலங்களில் இருந்து மாவட்டத்துக்குள் வரக்கூடாது என்பதே அந்த உத்தரவு. தமிழக, கர்நாடக எல்லைச் சாவடிகளில் வருவாய்த்துறை, போலீஸ், வனத்துறை அதிகாரிகள் நிறுத்தப்பட்டார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. மாங்கூழ் தொழிற்சாலைகள் பழம் வாங்கும் விலை சரிந்து விட்டது. உள்ளூர் விவசாயியைக் காப்பாற்றவே இந்தத் தடை என்று சொல்லப்பட்டது. கர்நாடக முதல்-மந்திரி சித்தராமையா ஆந்திர முதல்-மந்திரி சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதி, தடையை நீக்கும்படி கேட்டுக்கொண்டார்.

பழத்தின் பருவம் முடிந்து விட்டது. ஆனால் கேள்வி முடியவில்லை. வெளியில் இருந்து வருவது உள்ளூர்க்காரனைக் கெடுக்கிறது என்ற வாதம் பழத்தோடு நின்று விடுமா? சித்தூரில் இருந்து வேலூர் போகும் பாதையில், எல்லையை ஒட்டியிருக்கும் குடிபாலா பகுதித் தமிழர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

75 சதவீத சட்டம்

நிற்காது என்பதற்கு ஆதாரம் முன்பே இருக்கிறது. 2019 ஜூலையில் ஆந்திர சட்டசபை ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. தொழிற்சாலைகளில் 75 சதவீத வேலை மாநிலத்தவருக்கே தரப்பட வேண்டும் என்கிறது அது. அரியானாவும் இதைப் போன்ற சட்டம் கொண்டு வந்தது. அதை பஞ்சாப்-அரியானா ஐகோர்ட்டு 2023 நவம்பரில் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

அண்டை மாநிலத்தாரை மட்டும் குறை சொல்வதற்கு இல்லை. தமிழ்நாட்டில் 2021 தேர்தலின்போது தி.மு.க.வும் இதே 75 சதவீத வாக்குறுதியை அளித்தது.

நமது அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு, நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கவும், விரும்பிய தொழில் செய்யவும் குடிமகனுக்கு உரிமை தருகிறது. 301-வது பிரிவு நாடு முழுவதும் வாணிபம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது. பழத்துக்கு ஒரு பிரிவு, மனிதனுக்கு ஒரு பிரிவு. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றே.

மூன்று அடிப்படைகள்

அந்த வேர்தான் தனிமனித சுதந்திரக் கொள்கை. அது முதலாளிகளின் கொள்கை என்று பலர் ஒதுக்கி விடுவதுண்டு. அதன் அடிப்படை என்ன என்று முதலில் தெரிந்து கொள்வோம்.

ஒன்று: ஒருவனுடைய உடலும் உழைப்பும் அவனுக்கே சொந்தம். 17-ம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிஞர் ஜான் லாக் கூறியது இது.

இரண்டு: விலை என்பது ஒரு செய்தி. எங்கே சரக்கு மிகுந்து கிடக்கிறது, எங்கே தட்டுப்பாடு என்பதை அது ஊருக்கு ஊர் சொல்லி அனுப்புகிறது. அவ்வளவு விவரத்தையும் எந்த அதிகாரியும் ஓர் அறையில் உட்கார்ந்து திரட்ட முடியாது. இதை 1945-ல் எடுத்துக் காட்டிய ஹாயெக், 1974-ல் நோபல் பரிசு பெற்றார்.

மூன்று: அரசின் வேலை உயிரையும் உடைமையையும் காப்பதும், ஒப்பந்தத்தை நிறைவேற்றி வைப்பதுமே, யார் எதை எங்கே விற்கலாம் என்று தீர்மானிப்பது அல்ல.

1776-ல் நூல் எழுதிய ஆடம் ஸ்மித், இங்கிலாந்தில் ஓர் ஊர் ஏழை இன்னோர் ஊரில் குடியேறாதபடி தடுத்த சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். ஆகவே இந்தக் கொள்கை பிறந்தபோதே, பிழைப்புத் தேடிப் போகும் கூலித் தொழிலாளிக்காகவும் வாதாடியது என்பது கவனிக்கத்தக்கது.

சித்தூர் கண்ட சோதனை

நம் பக்கத்தில் இதைப் பேசியவர் ராஜாஜி. 1952-ல் அவர் சென்னை மாகாண முதல்-மந்திரி ஆனபோது சித்தூரும் அந்த மாகாணத்தில்தான் இருந்தது. உணவு தானியத்துக்குக் கட்டுப்பாடும் ரேஷனும் அமலில் இருந்த காலம் அது. அவ்வாண்டு ஜூனில் ராஜாஜி கட்டுப்பாட்டை எடுத்து விட்டார். பஞ்சம் வரும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. ஆனால் பதுங்கிக் கிடந்த நெல் கடைக்கு வந்தது.

1959 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை நாகபுரியில் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் நிறைவேற்றியது. அதை எதிர்த்து அவ்வாண்டே சுதந்திரா கட்சி பிறந்தது. அதன் தலைவர் குண்டூர் மாவட்டத்து விவசாயத் தலைவர் என்.ஜி.ரங்கா. 1962 முதல் 1967 வரை அவர்தான் சித்தூர் தொகுதி எம்.பி. தமிழரான ராஜாஜியும் தெலுங்கரான ரங்காவும் சேர்ந்து 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' ஒழிய வேண்டும் என்று முழங்கினார்கள்.

1967-ல் லோக்சபையில் 44 இடம் பெற்ற அந்தக் கட்சி 1971-ல் 8 இடமாகச் சுருங்கி, 1974-ல் வேறு கட்சியோடு கலந்து விட்டது. ஆயினும் 1991 ஜூலையில், ஆந்திரத்தைச் சேர்ந்த பிரதமர் நரசிம்மராவின் அரசு பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவித்தது.

மறுபக்கம்

கொள்கையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ராஜாஜியே அதை முழுதாகக் கடைப்பிடித்தவர் அல்ல. 1938-ல் சித்தூர் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தது அவரது மந்திரிசபைதான். வேட்டி, சேலை நெசவைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. நெசவாளி பட்டினி கிடக்கும்போது சந்தை பார்த்துக்கொள்ளும் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

மாம்பழ விவசாயியின் நிலையும் அப்படித்தான். பழம் அழுகும், அவன் காத்திருக்க முடியாது. வாங்கும் தொழிற்சாலைகளோ சில. பேரம் பேச வழியில்லாதவனுக்குச் சுதந்திரம் ஏட்டுச் சுரைக்காய்தான். வாரக் கூலியை நம்பி இருக்கும் தொழிலாளிக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் உதவி செய்வது வேறு, வழியை மறிப்பது வேறு. கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க வேண்டும். அதில் தொழிற்சாலை 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தர வேண்டும் என்று ஆந்திர அரசு ஏற்பாடு செய்தது. அந்த 4 ரூபாய் கஜானாவில் இருந்து போவது எல்லோருக்கும் தெரியும். சட்டசபையில் கணக்குக் கேட்கலாம். எல்லையில் லாரியை மறிப்பதற்கோ கணக்கே இல்லை. அந்தச் செலவு கிருஷ்ணகிரி, கோலார் விவசாயியின் தலையில் விழுகிறது. அவனுக்குச் சித்தூரில் ஓட்டு இல்லை.

ஏழைக்குக் குறைந்தபட்ச உணவும் உறைவிடமும் அரசு தரலாம் என்று ஹாயெக்கே ஒப்புக்கொண்டவர். ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டம் 2022-க்குள் எல்லா மாநிலங்களுக்கும் வந்தது. உதவி தொழிலாளியைத் தொடர்ந்து எல்லை தாண்டிப் போகும்படி செய்ய முடியும் என்பதற்கு அது உதாரணம்.

எதைப் பார்க்க வேண்டும்?

1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர மாநிலம் அமைந்தபோது, வீட்டை விட்டு ஓர் அடி நகராமலே வெளி மாநிலத்தவர் ஆனவர்கள் சித்தூர் மாவட்டத் தமிழர்கள். பிறகு வேலைக்காக வந்தவர்கள் பலர். இவர்களுக்கு எல்லை என்பது வெறும் கோடு அல்ல; பிழைப்பு.

ஆகவே நாளை ஒரு தடை வரும்போது, அது தமிழனுக்குச் சாதகமா, தெலுங்கனுக்குச் சாதகமா என்று மட்டும் பார்க்கக்கூடாது. இந்த உதவியை யாரையும் மறிக்காமல் செய்ய முடியாதா? செலவை யார் கொடுக்கிறார்கள்? கொடுப்பவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டா? இந்த மூன்றையும் கேட்க வேண்டும்.

இன்று பக்கத்து ஊர் மாம்பழத்தை மறித்தபோது கை தட்டியவர், நாளை பக்கத்து ஊர் ஆளை மறிக்கும்போது எந்த நியாயத்தைப் பேச முடியும்?